முதல் சாவி

ஓடைப்பட்டி செல்லப்பாண்டிக்குச் சாமி மேல் நம்பிக்கை உண்டு, ஜாதகத்தின் மேலும் கொஞ்சம் உண்டு. ஆனால் தன்னுடைய டீசல் ஜீப்பின் மேல் அவர் வைத்திருந்த நம்பிக்கைக்கு முன்னால் அந்த இரண்டும் சும்மா. திராட்சைப் பெட்டி சுமந்தே வயதான வண்டி அது. நல்ல காரியம் பேசப்போன இடத்திலிருந்து கிளம்பும்போது அது முதல் சாவியில், முதல் திருப்பிலேயே, எடுத்துவிட்டால் காரியம் கூடிவரும். இரண்டாவது சாவி கேட்டால் கூடிவராது. இதை யார் சொன்னார்கள், எதில் எழுதியிருக்கிறது என்றெல்லாம் அவரிடம் கேட்கக் கூடாது. தோட்டம் வாங்கியது, போர் போட்டுத் தண்ணீர் வந்தது, மூத்தவளைக் கட்டிக்கொடுத்தது எல்லாமே முதல் சாவியில் நடந்தவை என்று வரிசையாகச் சொல்லுவார்.

அவர் மனைவி அக்கம்மாளும் முதலில் இதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். இளையவள் அனுஷ்காவுக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்த பிறகு சிரிப்பு நின்றுபோனது. கோம்பையில் ஒரு நல்ல இடம். பேசி முடித்துக் கிளம்புகிற நேரம் பேட்டரி இறங்கிப்போயிருந்தது, இடம் போயிற்று. சின்னமனூரில் இன்னொரு இடம். அங்கே பெருச்சாளி ஒயரைக் கடித்து வைத்திருந்தது. பெருச்சாளி கடித்ததற்கு அந்தப் பையன் என்ன செய்வான் என்று அக்கம்மாள் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள். செல்லப்பாண்டி ரோட்டைப் பார்த்தே ஓட்டினார்.

மூன்றாவதாக வந்ததுதான் மலைமேல் இடம். மேகமலைக்கும் மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் பையன் எலக்ட்ரீசியன். பெயர் சூரியபிரகாஷ். அல்லிநகரத்தில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கும் அனுஷ்காவுக்குப் பையனின் போட்டோ பிடித்திருந்தது. போட்டோவைவிடப் பேச்சு பிடித்திருந்தது. அந்த எஸ்டேட்டில் போன் சிக்னல் கிடைக்கிற இடம் ஒரே ஒரு பாறைதான். வேலை முடிந்ததும் பையன் குல்லாவை மாட்டிக்கொண்டு பனியில் அந்தப் பாறைக்கு ஏறிப்போய் அவளிடம் பேசிவிட்டு இறங்குவானாம். இதை அவள் தன் அம்மாவிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

மாப்பிள்ளை வீடு பார்க்கக் கிளம்பிய அன்று அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு இன்னொன்றும் சொன்னாள்.

"யம்மா, இந்தத் தடவையும் வண்டி மொரண்டு பிடிச்சிருச்சுன்னு அப்பா வந்து நின்னாருன்னா, வண்டிய நானே இழுத்துட்டுப் போயி இரும்புக் கடையில போட்டுருவேன். சொல்லிரு அவர்ட்ட."

அக்கம்மாள் சொல்லவில்லை. சொன்னால் அதையே ஒரு சகுனம் என்பார் என்று விட்டுவிட்டாள்.

ஏற்கெனவே இரண்டு இடம் முறிந்திருந்ததால் இந்தமுறை ஊரைக் கூட்டவில்லை. புருஷனும் பெண்டாட்டியும் மட்டும் தாம்பூலத் தட்டுக்கு வேண்டியதையும் ஒரு கூடைத் திராட்சையையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். தை மாதம். ஓடைப்பட்டியில் காலை வெயில் சுள்ளென்று அடித்தது. தென்பழனி செக்போஸ்ட்டைத் தாண்டி வளைவு ஏற ஏறக் காற்று மாறியது. பத்தாவது வளைவில் அக்கம்மாள் முந்தானையை இழுத்துக் காதை மூடினாள். செல்லப்பாண்டி மட்டும் ஸ்டியரிங்குக்கு மேலே மாட்டியிருந்த குட்டி ஃபேனைச் சுழலவிட்டுக்கொண்டு, காற்று நல்லா இருக்கிறது என்றார். அந்த ஃபேன் அவருக்கு உயிர். சித்திரை வெயிலில் மார்க்கெட்டுக்குப் போகும்போது அது இல்லாவிட்டால் ஆள் வெந்துபோவார்.

எஸ்டேட்டில் பையனின் அப்பா முத்துவீரனும் அம்மா சோணையம்மாளும் வாசலிலேயே நின்றார்கள். வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் கடைசி வீடு. உள்ளே அடுப்பு அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. நாட்டுக்கோழிக் குழம்பு, மலைப்பூண்டு ரசம், ஆவி பறக்கிற சோறு. செல்லப்பாண்டி மூன்று தடவை சோறு வாங்கினார். பையன் பரிமாறினான். அதிகம் பேசவில்லை, ரசத்தை மட்டும் கேட்காமலே ஊற்றினான். சாப்பிட்டு முடித்த பிறகு செல்லப்பாண்டியும் முத்துவீரனும் தோட்டத்துக்குள் வரும் காட்டுப்பன்றியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். அங்கே திராட்சை, இங்கே சேனை; பன்றி என்னவோ ஒரே பன்றிதான். இருவரும் அதைச் சேர்ந்து திட்டிய திட்டில் சினேகிதம் வந்துவிட்டது.

அடுப்படியில் இரண்டு பெண்களும் கையைக் காட்டி ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கொழுந்து கிள்ளிக் கிள்ளிச் சோணையம்மாளின் விரல் நுனியெல்லாம் கறுத்திருந்தது. திராட்சைக் கொத்துத் திருத்தும் கத்தரிக்கோல் அக்கம்மாளின் கட்டைவிரலில் காய் காய்த்துவிட்டிருந்தது. உங்கள் கைதான் கஷ்டக் கை, இல்லை உங்கள் கைதான் என்று மாறி மாறி விட்டுக்கொடுத்தார்கள். வரக்காப்பி குடிக்கிற நேரத்தில் அக்கம்மாள் தன்னை மறந்து சோணையம்மாளை 'மதினி' என்று கூப்பிட்டுவிட்டாள்.

செல்லப்பாண்டி திரும்பி முறைத்தார். அது அவருடைய அடுத்த சட்டம். தாம்பூலம் மாற்றுகிறவரை முறை வைத்துக் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டுவிட்டால் வாயால் சம்பந்தம் செய்துகொண்ட மாதிரி. பிறகு முறிந்தால் அது பாவத்தில் சேரும். அதனால் அவர் முத்துவீரனைக் காலையிலிருந்து 'வீட்டுக்காரரே' என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டு மாற்றுவதைப் பற்றி முத்துவீரன் பக்குவமாகப் பேச்செடுத்தபோதும், கிளம்பும்போது பார்த்துக்கொள்ளலாம் வீட்டுக்காரரே என்று நழுவினார். கிளம்பும்போது என்றால் என்ன அர்த்தம் என்று அந்த வீட்டில் அக்கம்மாளுக்கு மட்டும்தான் தெரியும்.

ஆனால் கிளம்ப முடியவில்லை. பேச்சுச் சுவாரசியத்தில் நேரம் போக, மூடுபனி இறங்கி எதிர்வீடுகூடத் தெரியாமல் போனது. இருட்டினால் செக்போஸ்ட்டை மூடிவிடுவார்கள். யானை நடமாட்டம் வேறு. இருந்து காலையில் போங்கள் என்று சோணையம்மாள் பாயை விரித்தாள். வண்டியை இறக்கத்தைப் பார்த்து நிறுத்துங்கள், இங்கே எல்லாரும் அப்படித்தான் செய்வோம், குளிருக்கு இன்ஜின் இறுகிப்போகும் என்று முத்துவீரன் சொன்னார். செல்லப்பாண்டிக்கு ரோஷம் வந்துவிட்டது. தன் வண்டி தள்ளுவண்டி இல்லை என்று சொல்லிவிட்டு, ஆட்களுக்குப் பேர் கூப்பிட்டு வேலை பிரித்துவிடும் பெரட்டுக் களத்தில், சமதரையில், கிழக்குப் பார்க்க நிறுத்திவிட்டு வந்தார்.

படுக்கும்போது கம்பளிக்குள்ளிருந்து மெதுவாகச் சொன்னார்.

"பையன் நல்ல பையன்தான், அக்கம்மா."

"அப்புறமென்ன?"

"காலையில பாப்பம்."

விடியும் நேரத்தில் அக்கம்மாளுக்கு விழிப்பு வந்தபோது பக்கத்தில் ஆளும் இல்லை, கம்பளியும் இல்லை. கதவைத் திறந்தாள். குளிர் முகத்தில் அறைந்தது. வாசல் புல்லெல்லாம் உப்பைத் தூவிவிட்ட மாதிரி வெள்ளையாக இருந்தது. காலடியில் நறநறவென்று நொறுங்கியது. ஓடைப்பட்டியில் பிறந்து ஓடைப்பட்டியிலேயே வாழ்க்கைப்பட்டவள் அவள். தரையில் உறைபனியை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள். குனிந்து ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுக் களத்துக்குப் போனாள்.

ஜீப்பின் முன்பக்கம் முழுக்கக் கம்பளி போர்த்தியிருந்தது. யாரோ வீட்டு ஆட்கள்தான் போர்த்தியிருப்பார்கள், நல்ல மனிதர்கள் என்று நினைத்துக்கொண்டே நெருங்கினாள். கம்பளிக்குப் பின்னால் செல்லப்பாண்டி நின்றார். தலையில் துண்டு, உடம்பில் வேட்டி சட்டை, அவ்வளவுதான். பானெட்டை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு, பல் கிட்டிப்போய் நின்றார்.

"இங்கன என்ன பண்றீக?"

"சும்மா. காத்து வாங்க வந்தேன்."

"கம்பளிய வண்டிக்குப் போத்திட்டா?"

செல்லப்பாண்டி கம்பளியின் ஓரத்தை இழுத்துவிட்டார். இரும்பு ஐஸ்கட்டி மாதிரி இருக்கிறது, தொட்டுப் பார் என்றார். அக்கம்மாள் தொட்டுப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. இத்தனை நாளும் வண்டி சொல்வதைக் கேட்டு நடந்த மனிதர், இன்றைக்கு வண்டி என்ன சொல்லிவிடுமோ என்று பயந்து வந்து நிற்கிறார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர்மேல் அவளுக்கு அவ்வளவு பிரியம் வந்ததில்லை. ஆனாலும் சும்மா விட மனசில்லை.

"அம்புட்டு ஆசை இருந்தா, எடுக்கலைன்னாலும் பரவாயில்லைன்னு சொல்லிட்டுப் போகவேண்டியதுதான?"

"அதெப்பிடி? நாப்பது ஊருக்கு ஒரு ஞாயம், இந்த ஊருக்கு ஒரு ஞாயமா? வண்டி அறிஞ்சு சொல்றத நம்ம மாத்தப்பிடாது." அவர் குரல் இறங்கியது. "அதுக்குக் குளுராமப் பாத்துக்கலாம். அதுல தப்பில்ல."

"ஹீட்டருன்னு ஒன்னு இருக்குமே டீசல் வண்டிக்கு. சாவியத் திருப்பி வச்சுக் கொஞ்ச நேரம் சூடேத்துவாகளே."

செல்லப்பாண்டி துண்டைச் சரிசெய்தார். களத்தைச் சுற்றிப் பார்த்தார். பிறகு, யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்காத குறையாகச் சொன்னார். ஓடைப்பட்டி வெயிலுக்கு ஹீட்டர் எதற்கு என்று போன சித்திரையில் அந்த ஒயரை அத்துவிட்டு, அதில்தான் ஃபேனை மாட்டச் சொல்லியிருக்கிறார். மெக்கானிக் ஒருதரத்துக்கு இரண்டுதரம் கேட்டிருக்கிறான். இவர்தான் பிடிவாதமாக நின்றிருக்கிறார்.

அக்கம்மாளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. சிரிப்பு முந்திக்கொண்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அவள் குலுங்குவதைப் பார்த்துச் செல்லப்பாண்டிக்குக் கோபம் வந்து, கோபத்தில் கொஞ்சம் உடம்பும் சூடானது.

அந்த நேரம் பார்த்துச் சோணையம்மாள் ஒரு சட்டி நிறைய அடுப்புக் கங்கோடு களத்துக்கு வந்தாள். குளிர்காலத்தில் இன்ஜினுக்குக் கீழே கங்குச் சட்டி வைப்பது அங்கே வழக்கம். விருந்தாளிக்குத் தெரியாமல் வைத்துவிட்டுப் போகலாம் என்று வந்தவள், இருவரையும் பார்த்துத் திகைத்தாள். அண்ணன் முதல் சாவி பார்ப்பார் என்று சின்னமனூரில் சொன்னார்கள் என்று தரையைப் பார்த்தபடி சொன்னாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது. ராத்திரி அவளும் தூங்கவில்லை.

மூன்று பேரும் சேர்ந்து சட்டியை ஜீப்புக்கு அடியில் தள்ளினார்கள். அக்கம்மாள் விசிறினாள். சோணையம்மாள் போய்ச் சுடுதண்ணீர் கொண்டுவந்தாள். இன்ஜினில் எந்தெந்த இடம் என்று செல்லப்பாண்டி காட்ட, துணியை நனைத்து ஒத்தடம் கொடுத்தார்கள். பேறுகாலக்காரிக்குச் செய்கிற பக்குவத்தோடு எல்லாம் நடந்தது. ஒருதரம் சாவி போட்டுப் பார்த்துவிடலாமே என்று சோணையம்மாள் கேட்டதற்கு மட்டும் செல்லப்பாண்டி ஒத்துக்கொள்ளவில்லை. யாரும் பார்க்காமல் போட்டாலும் முதல் சாவி முதல் சாவிதான்.

வெளிச்சம் வந்ததும் களத்துக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். கொழுந்து எடுக்கப் போகும் பெண்கள், இடுப்பில் படுதா கட்டி, தலையில் கூடை மாட்டி, வாயிலிருந்து ஆவி விட்டுக்கொண்டு நின்றார்கள். சூரியபிரகாஷ் குல்லாவோடு வந்து நின்றான். முத்துவீரன் தாம்பூலத் தட்டைக் கையிலேயே வைத்திருந்தார்; கேட்டால் கொடுக்கலாம், கேட்காவிட்டால் திருப்பி உள்ளே கொண்டுபோகலாம் என்பதுபோல ஒரு பிடி. அவருக்கும் சோணையம்மாள் சொல்லியிருக்க வேண்டும்.

செல்லப்பாண்டி ஏறி உட்கார்ந்தார். கண்ணை மூடிக் குலசாமியைக் கும்பிட்டார். பழக்கதோஷத்தில் ஹீட்டர் ஸ்விட்சைத் தட்டினார். ஃபேன் சுற்றியது. அத்தனை குளிரிலும் ஃபேன் போட்டு உட்கார்ந்திருக்கும் மனிதரைக் கொழுந்துக்காரப் பெண்கள் ஆச்சரியமாகப் பார்த்தார்கள். சாவியைத் திருப்பினார்.

க்ர்ர் என்றது. இன்னொரு க்ர்ர். அதைவிட மெதுவாக ஒன்று. அப்புறம் நின்றுவிட்டது. ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

சோணையம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். அக்கம்மாள் பாறைமேல் ஏறி நின்று பேசும் பையனைப் பார்த்தாள். அவன் தட்டை வைத்திருந்த தன் அப்பாவைப் பார்த்தான். இந்தப் பிள்ளையிடம் என்ன சொல்லிவிட்டுப் போவது, ஊரில் அந்தப் பிள்ளையிடம் என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

செல்லப்பாண்டி ஃபேனை நிறுத்தினார். ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு தலையை வெளியே நீட்டி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"சாவி இன்னும் போடல. இப்ப ஃபேன் ஓடுதான்னுதான் பாத்தேன்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்தால் காரியம் கெட்டுவிடும் என்று கொழுந்துக்காரப் பெண்களுக்குக்கூடத் தெரிந்திருந்தது. முத்துவீரன் தட்டைச் சோணையம்மாளிடம் கொடுத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் போனார். சூரியபிரகாஷ் போனான். பெண்கள் கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்து கைவைத்தார்கள். முதலில் வண்டியின் மூக்கை இறக்கத்துப் பக்கம் திருப்ப வேண்டியிருந்தது. பிறகு களத்தின் ஓரம்வரை சமதரை. உறைபனியில் செருப்பு வழுக்கியது. வண்டி ஒரு முழம் நகர்ந்தது, நின்றது. அக்கம்மாளும் சேலையைச் செருகிக்கொண்டு, பையனுக்குப் பக்கத்தில் போய்த் தோள் கொடுத்தாள். முன்னால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு செல்லப்பாண்டி கத்தினார்.

"விட்றாதீக! இன்னுங் கொஞ்சம், தள்ளுங்க மச்சான்! தள்ளுங்க மச்சான்!"

தள்ளிக்கொண்டிருந்த முத்துவீரன் அப்படியே தலையைத் தூக்கினார். தட்டோடு நின்ற சோணையம்மாள் அக்கம்மாளைப் பார்த்தாள். அக்கம்மாள் சோணையம்மாளைப் பார்த்தாள். சொன்னவருக்குத்தான் தெரியவில்லை, மூன்றாவது தடவையும் மச்சான் என்றார். அந்தச் சொல்லுக்கு முத்துவீரன் கொடுத்த ஒரு தள்ளில் ஜீப் களத்தைத் தாண்டி இறக்கத்தில் சாய்ந்தது. சூரியபிரகாஷ் ஓடிப்போய்ப் பின்னால் தொற்றிக்கொண்டான். வண்டி சத்தமில்லாமல் உருண்டு, மூடுபனிக்குள் போய் மறைந்தது.

எல்லாரும் காதைக் கூராக்கிக்கொண்டு நின்றார்கள். முதல் வளைவில் ஒரு உறுமல் கேட்டு அடங்கியது. இரண்டாவது வளைவில் டபடபவென்று ஆரம்பித்து, விக்கி, மறுபடி பிடித்து, பிறகு மலை முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரே சீராக ஓடியது. பெண்கள் குலவை போட்டார்கள். யார் ஆரம்பித்தது என்று தெரியவில்லை.

கரும்புகையைக் கக்கிக்கொண்டு ஜீப் மேலே ஏறி வந்தபோது முன்சீட்டில் சூரியபிரகாஷ் உட்கார்ந்திருந்தான். செல்லப்பாண்டி இறங்கினார், இன்ஜினை அணைக்கவில்லை. அணைத்துவிட்டு உள்ளே வாருங்கள், தட்டு மாற்றலாம் என்று முத்துவீரன் கூப்பிட்டார். அணைக்க மாட்டேன், தட்டை இங்கே கொண்டுவரச் சொல்லுங்கள் என்றார் செல்லப்பாண்டி. அப்படியாக, ஓடிக்கொண்டிருந்த ஜீப்பின் பானெட்டில் அந்தக் கம்பளியை நாலாக மடித்துப் போட்டு, அதன்மேல் தட்டு வைத்து, தாம்பூலம் மாற்றினார்கள். தட்டு இன்ஜினோடு சேர்ந்து ஆடியது. வெற்றிலை நழுவாமல் இரண்டு அம்மாக்களும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். இன்ஜின் இரைச்சலில் ஒருவர் பேசியது மற்றவருக்குக் கேட்கவில்லை. கேட்க வேண்டியது ஏற்கெனவே கேட்டாயிற்று. பெண்கள் வரிசையாக வந்து பானெட்டில் கையைச் சூடுகாட்டிவிட்டு வேலைக்குப் போனார்கள்.

கிளம்பும் வழியில் சிக்னல் பாறை ஓரத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னாள் அக்கம்மாள். செல்லப்பாண்டி ஆக்ஸிலரேட்டரில் காலை வைத்தபடியே நிறுத்தினார். அவள் ஏறிப்போய், மூச்சு வாங்கிக்கொண்டே அனுஷ்காவுக்குப் போன் போட்டாள். அங்கே அவள் ஒரே மணியில் எடுத்துவிட்டாள்.

"யம்மா, வண்டி எடுத்துச்சா?"

அக்கம்மாள் கீழே பார்த்தாள். வழியில் சொன்னபடியே செல்லப்பாண்டி ஒரு கையால் ஸ்டியரிங்குக்கு மேலே இருந்த ஃபேனின் திருகைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"அத விடு ஆத்தா. உங்கப்பா ஃபேனக் கழட்டுறாரு."

"ஃபேனையா? அவரா? எதுக்கு?"

"ஹீட்டருக்கு ஒயர் போடணுமாம். இனிமே நம்ம மக வீட்டுக்குக் குளுருலயும் வந்து போகணும்லங்குறாரு."